நீல அட்டையும் சிவப்பு அட்டையும்: பாலம் கடக்கும் முன் கேட்க வேண்டியவை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைவிடச் சற்றே நீளமானது. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாலம் அது. அதன் இரு கரைகளிலும் அடையாள அட்டையின் நிறம் தலைகீழாக மாறிவிடுகிறது. மலேசியாவில் நீல அட்டை வைத்திருப்பவர் குடிமகன். சிவப்பு அட்டை வைத்திருப்பவர் நிரந்தரவாசி. சிங்கப்பூரிலோ இளஞ்சிவப்பு அட்டை குடிமகனுக்கு, நீல அட்டை நிரந்தரவாசிக்கு. "என் மகனுக்கு நீல ஐசி கிடைத்துவிட்டது" என்று மாசாயில் ஒரு தாய் மகிழ்ச்சியோடு சொன்னால், அது எந்தக் கரையின் நீலம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அந்த நிறத்தின் பின்னால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு இருக்கிறது, பிள்ளையின் படிப்பு இருக்கிறது, முதுமையில் எங்கே தலை சாய்ப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. இன்றைய உரை, சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியத் தமிழர் குடும்பங்களில் எழும் அந்தக் கேள்விகளைப் பற்றியது. போகலாமா, வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வது இதன் நோக்கமன்று. எந்தக் கதவு திறந்த பிறகும் மூடக்கூடியது, எது ஒருமுறை மூடினால் மீண்டும் திறக்க அரிது என்பதைப் பிரித்துக் காட்டுவதே நோக்கம்.

தாளை அலட்சியம் செய்ததன் விலை

அடையாளத் தாளின் மதிப்பு மலேசியத் தமிழருக்குப் புதிய பாடமன்று. 1968ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமக்கள் அல்லாதவர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்று அச்சட்டம் சொன்னது. தோட்டங்களில் பல பத்தாண்டுகளாக மரம் வெட்டியவர்கள், குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் விட்ட ஒரே காரணத்தால், உரிமம் வாங்க வேண்டியவர்களாகிப் போனார்கள். அதைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் கப்பலேறி இந்தியா திரும்பினார்கள். இங்கேயே தங்கியவர்களில் பலர் சிவப்பு அட்டையோடு முதுமையை எட்டினார்கள். "பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று தள்ளிப் போட்ட ஒரு படிவம், ஒரு தலைமுறையின் தலையெழுத்தையே மாற்றியது.

அந்தத் தலைமுறைக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை, வழிகாட்ட ஆளில்லை. இன்றைய தலைமுறைக்கு அந்தச் சாக்கு இல்லை. ஆயினும் நாள்தோறும் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை முடுக்கிப் பாலம் கடக்கும் இளைஞர்களில் பலர், தங்கள் கையில் இருக்கும் அனுமதிச் சீட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்ததில்லை.

மூன்று படிகள்

சிங்கப்பூரில் ஒரு மலேசியரின் நிலை மூன்று படிகளில் ஒன்றாக இருக்கும்.

முதற்படி, வேலை அனுமதி. சம்பளத்தையும் தகுதியையும் பொறுத்து அது ஒர்க் பெர்மிட்டாகவோ, எஸ் பாஸாகவோ, எம்ப்ளாய்மென்ட் பாஸாகவோ இருக்கும். இந்த மூன்றுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. அது அந்த முதலாளியோடும் அந்த வேலையோடும் கட்டப்பட்டது. வேலை போனால் அனுமதியும் போகும். இந்த நிலையில் உள்ளவருக்கு முதலாளி மத்திய சேமநிதி செலுத்த வேண்டியதில்லை. கைக்கு வரும் சம்பளம் முழுதாக வரும்; முதுமைக்கான சேமிப்பை அவரே செய்து கொள்ள வேண்டும். மலேசியாவின் ஊழியர் சேமநிதியில் தாமாகவே முன்வந்து பணம் போட வழியிருக்கிறது. அதைச் செய்பவர் புத்திசாலி. பத்தாண்டு சிங்கப்பூர் வெள்ளியில் சம்பாதித்தும் சேமநிதிக் கணக்கில் ஒன்றுமில்லாமல் ஊர் திரும்புவோர் கதை ஒவ்வொரு தாமானிலும் ஒன்றிரண்டு உண்டு.

இரண்டாம் படி, நிரந்தரவாசம். மூன்றாம் படி, குடியுரிமை. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத்தான் பலர் குழப்பிக் கொள்கிறார்கள்.

சிங்கப்பூர் நிரந்தரவாசியானால் மலேசியக் குடியுரிமை போய்விடுமா என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. போகாது. நிரந்தரவாசி என்பவர் மலேசியக் கடப்பிதழை வைத்துக் கொண்டே அங்கே வாழ்பவர். ஆனால் சிங்கப்பூர்க் குடியுரிமை பெறுவது வேறு. சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, மலேசியாவும் ஏற்பதில்லை. மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் மலேசியக் குடியுரிமையைப் பறிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. 23ஆவது பிரிவு, குடியுரிமையைத் துறக்கும் முறையைச் சொல்கிறது. துறந்தவர் மனம் மாறி மீண்டும் குடிமகனாகப் பதிந்து கொள்ள வேண்டுமென்றால், கூட்டரசு அரசாங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் முடியாது என்று 18ஆவது பிரிவு சொல்கிறது. ஆக, முதலிரண்டு படிகளிலிருந்து இறங்கி வரலாம். மூன்றாம் படியில் ஏறினால் ஏணி எடுக்கப்பட்டு விடும் என்றே எண்ணிக் கொள்ள வேண்டும்.

'நிரந்தரம்' எவ்வளவு நிரந்தரம்?

நிரந்தரவாசி என்ற சொல்லைக் கேட்டவுடன் ஆயுளுக்கும் செல்லும் என்று நினைப்பது இயல்பு. அந்த நிலையைக் காப்பது மறுநுழைவு அனுமதி என்னும் இன்னொரு தாள். பெரும்பாலும் ஐந்தாண்டுகளுக்கு அது வழங்கப்படுகிறது. அது காலாவதியான நிலையில் சிங்கப்பூருக்கு வெளியே இருந்தால் நிரந்தரவாச நிலையே ஆட்டங்காணும். 2025 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த விதிப்படி, செல்லுபடியாகும் மறுநுழைவு அனுமதியின்றி வெளிநாட்டில் இருப்பவருக்கு, விண்ணப்பம் செய்ய 180 நாள் அவகாசம் தரப்படுகிறது. அதற்குள் விண்ணப்பிக்காவிட்டால் நிரந்தரவாச நிலையை இழக்க நேரிடும்.

ஜொகூரில் வீட்டை வைத்துக் கொண்டு நாள்தோறும் பாலம் கடக்கும் நிரந்தரவாசிக்கு இது மிக முக்கியம். அவர் ஒவ்வொரு மாலையும் வெளிநாட்டுக்குத்தான் போகிறார். அனுமதியைப் புதுப்பிக்கும்போது அங்கே வேலையும் வருமானமும் இருக்கின்றனவா, குடும்பத்தின் வேர் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வரலாம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்பவர் தம் அனுமதி முடியும் தேதியை வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைப்பது நல்லது.

மகன் பெயரைச் சேர்க்கும் முன்

அடுத்தது, குடும்பங்களில் அதிகச் சச்சரவை உண்டாக்கும் விஷயம். தேசிய சேவை.

வேலைத் தகுதியின் பேரில் தாமே விண்ணப்பித்து நிரந்தரவாசியான ஆண், முதல் தலைமுறை நிரந்தரவாசி என்ற வகையில் சேவையிலிருந்து விலக்குப் பெறுகிறார். ஆனால் அவருடைய விண்ணப்பத்தில் சேர்க்கப்பட்டு நிரந்தரவாசியாகும் மகனுக்கு அந்த விலக்கு இல்லை. பதினாறரை வயதில் அவன் பதிந்து கொள்ள வேண்டும். பதினெட்டு வயதில் சேவைக்குப் போக வேண்டும். இரண்டாண்டு முழுநேரச் சேவை. அதன் பிறகு பத்தாண்டுச் சுழற்சியாகப் போர்க்காலப் படைப் பயிற்சி, ஆண்டுக்கு அதிகபட்சம் நாற்பது நாள். பதின்மூன்று வயதிலிருந்தே, நீண்ட காலம் வெளிநாட்டில் தங்கிப் படிக்கப் போவதானால் அதற்கும் தனி அனுமதி பெற வேண்டும்.

"அப்போது பிஆரை விட்டுவிட்டால் போகிறது" என்று சிலர் எளிதாகச் சொல்கிறார்கள். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறக்கும் இளைஞன், பின்னாளில் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பித்தால் அது அவனுக்கு எதிராகவே எடைபோடப்படும் என்று அந்நாட்டு அரசாங்கம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அழைப்பு வந்தபின் போகாமல் இருப்பது குற்றம். பத்தாயிரம் வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தேசிய சேவையைத் தண்டனைபோல் பார்க்க வேண்டியதில்லை. அதில் கட்டுப்பாடும் தோழமையும் கற்று நிமிர்ந்த இளைஞர்கள் எத்தனையோ பேர். கேள்வி அதுவன்று. ஒன்பது வயது மகனின் பெயரை விண்ணப்பத்தில் சேர்க்கும் தந்தை, ஒன்பது ஆண்டுகள் கழித்து வரப்போகும் கடிதத்துக்கும் அன்றே கையெழுத்திடுகிறார். அதைத் தெரிந்து செய்கிறாரா, தெரியாமல் செய்கிறாரா என்பதுதான் கேள்வி. மகன் படிவத்தில் ஒரு பெயராக மட்டும் இருக்கும் காலம் குறுகியது. பதினெட்டு வயதில் அவன் "என்னைக் கேட்டீங்களா அப்பா?" என்று கேட்பான். அதற்கு ஒரு பதில் வேண்டும்.

சேமநிதிக் கணக்கு

நிரந்தரவாசியானவுடன் மத்திய சேமநிதி தொடங்குகிறது. முதல் இரண்டாண்டுகளுக்குச் சலுகை விகிதம். 55 வயதுக்குட்பட்ட ஊழியருக்கு, பொதுவான முறையில், முதலாண்டில் சம்பளத்தில் 5 விழுக்காடும் இரண்டாம் ஆண்டில் 15 விழுக்காடும் பிடிக்கப்படும். மூன்றாம் ஆண்டிலிருந்து முழு விகிதம்: ஊழியர் 20 விழுக்காடு, முதலாளி 17 விழுக்காடு. நாலாயிரம் வெள்ளி சம்பளக்காரருக்கு முதலாண்டில் மாதம் இருநூறு வெள்ளி குறையும். மூன்றாம் ஆண்டில் எண்ணூறு வெள்ளி குறையும். அந்தப் பணம் எங்கும் போய்விடவில்லை, அவர் பெயரில்தான் சேர்கிறது. முதலாளியின் பங்கும் கூடவே வருகிறது. ஆனால் மாதம் பிறந்தால் ஜொகூர் வீட்டுக் கடனுக்கும் கார்க் கடனுக்கும் கைப்பணத்திலிருந்து கட்டுபவருக்கு அந்த எண்ணூறு வெள்ளி சிறிய தொகையன்று. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பவர் பிறகு திணற மாட்டார்.

"பிஆரைத் துறந்தால் சேமநிதியை அப்படியே எடுத்துவிடலாம்" என்ற பேச்சும் உலவுகிறது. பிற நாட்டவருக்கு, சிங்கப்பூரை விட்டு நிலையாகப் போய்விட்டால் அந்த வழி உண்டு. தீபகற்ப மலேசியர்களுக்குத் தனி நிபந்தனைகள் உள்ளன. பாலத்தின் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து விட்டாலே, நிலையாக வெளியேறியதாக வாரியம் எடுத்துக் கொள்வதில்லை. ஆகவே அந்தப் பணத்தை நம்பி ஊரில் கடை போடத் திட்டமிடும் முன், எப்போது, எந்த வயதில், எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்பதைச் சேமநிதி வாரியத்திடமே கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

வீடு எந்தக் கரையில்?

நிரந்தரவாசித் தம்பதி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புதிய வீட்டை நேரடியாக வாங்க முடியாது. மறுவிற்பனை வீடு வாங்கலாம். அதற்கும் இருவரும் மூன்றாண்டு நிரந்தரவாசிகளாக இருந்திருக்க வேண்டும். நிரந்தரவாசிகளுக்கென்று உள்ள ஒதுக்கீட்டு வரம்பிலிருந்து மலேசியர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் இன ஒதுக்கீடு எல்லாருக்கும் பொது. அந்தக் கட்டடத்தில் இந்தியர் பங்கு நிரம்பியிருந்தால், அதே இனத்தவர் விற்றால்தான் வாங்க முடியும்.

பலரும் அறியாத ஒரு நிபந்தனை இன்னொன்று. மறுவிற்பனை வீடு வாங்குபவருக்குத் தனியார் குடியிருப்பு வீடு சொந்தமாக இருந்தால், அதை விற்றாக வேண்டும். உள்நாட்டு வீடு, வெளிநாட்டு வீடு என்ற பாகுபாடு அதில் இல்லை. ஸ்கூடாயில் கடன் வாங்கிக் கட்டிய மாடி வீடும் அந்தக் கணக்கில் வரும். அம்மாவும் அப்பாவும் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறார்கள் என்றால் என்ன செய்வது? விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முன்பே குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டிய செய்தி இது.

குடியுரிமையையே மாற்றிக் கொண்டவர், மலேசிய நிலத்தைப் பொறுத்தவரை வெளிநாட்டவர். புதிதாக நிலம் வாங்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். விற்கும்போது சொத்து ஆதாய வரியிலும் வேறுபாடு வரும். வாங்கி ஆறாவது ஆண்டிலிருந்து விற்கும் மலேசியக் குடிமகனுக்கு அந்த வரி இல்லை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அல்லாதவருக்கு ஆதாயத்தில் 10 விழுக்காடு.

பிள்ளை பிறந்தால்

சிங்கப்பூர் மருத்துவமனையில் பிறந்தால் பிள்ளை சிங்கப்பூரர் ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இன்னமும் உண்டு. மண்ணில் பிறந்ததாலேயே குடியுரிமை என்ற முறை அங்கே இல்லை. பெற்றோரின் நிலையே முக்கியம். பெற்றோர் இருவரும் மலேசியர் என்றால், பிறப்பை மலேசியத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பதிந்துவிட வேண்டும். அதற்குப் பெற்றோரின் திருமணம் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி, பதிவைத் தள்ளிப் போட்டுவிட்டுப் பிறகு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தோடு அலுவலகம் அலுவலகமாக அலைவோர் படும் பாடு சொல்லி மாளாது.

தாய் மலேசியர், தந்தை வெளிநாட்டவர் என்ற குடும்பங்களின் நிலை நெடுங்காலமாக மோசமாக இருந்தது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தந்தைவழி உரிமை மட்டுமே இயல்பாகக் கிடைத்தது. 2024 அக்டோபரில் மலேசிய மக்களவை நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம் தாய்க்கும் அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் அது பின்தேதியிட்டுப் பொருந்தாது. முன்பே பிறந்த பிள்ளைகளுக்கு எந்த விதி என்பதைத் தேசியப் பதிவுத் துறையில் கேட்டறிவதே சரி.

பிறப்பால் சிங்கப்பூர்க் குடியுரிமையும் இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் கொண்ட பிள்ளை, 21 வயதுக்குப் பிறகு, 22 நிறைவதற்குள், மற்றதைத் துறந்து விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும். இல்லையேல் சிங்கப்பூர்க் குடியுரிமை போய்விடும்.

வயதான பெற்றோர்

இந்தக் கணக்குகளிலெல்லாம் சேராமல் போவது அம்மாவும் அப்பாவும்தான். எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் உள்ளவர், மனைவி மக்களை அழைத்துக் கொள்ள மாதம் ஆறாயிரம் வெள்ளியாவது நிலையான சம்பளம் வேண்டும். பெற்றோரை அழைத்துக் கொள்ளப் பன்னிரண்டாயிரம் வெள்ளி வேண்டும். அந்தச் சம்பளம் எத்தனை பேருக்கு?

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது பாலம் அடைபட்டது. அதற்கு முந்திய இரவு, மாற்றுத் துணி இரண்டோடு அக்கரை சென்றவர்கள் பல மாதங்கள் வீடு திரும்ப முடியாமல் தவித்தார்கள். நில எல்லை மீண்டும் பரவலாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1 அன்று. இடைப்பட்ட காலத்தில் தாய் தந்தையின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் தொலைவு சில வேளை கடலளவு ஆகிவிடும் என்பதை அந்த இரண்டாண்டுகள் காட்டின. சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டவர் படுக்கையில் விழுந்த தாயைப் பார்க்க ஜொகூர் வந்தால், கடப்பிதழில் அவர் சுற்றுலாப் பயணி. முப்பது நாள் தங்கலாம். தாய் வீட்டில் விருந்தாளியாக நாள் எண்ணும் நிலை அது. அதை ஏற்கும் மனம் இருக்கிறதா என்று முன்பே தன்னைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

முகவர்களிடம் எச்சரிக்கை

"பிஆர் வாங்கித் தருகிறோம், நூற்றுக்கு நூறு உறுதி" என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்பார்கள். விண்ணப்பம் நேரடியாக இணையம் வழியே குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்துக்குப் போகிறது. அதற்கு ஒரு கட்டணம் உண்டு. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது திரும்ப வராது. முடிவு வரப் பொதுவாக ஆறு மாதம் ஆகும். முடிவெடுப்பது ஆணையம் ஒன்றே. இடையில் உள்ள எவருக்கும் அதில் கையில்லை. பொய்யான சம்பளம், பொய்யான சான்றிதழ் காட்டிப் பெற்ற அனுமதி பறிபோகும். வழக்கும் வரும். மறுபடியும் அந்த நாட்டில் கால் வைக்க முடியாத நிலைகூட வரும்.

உட்கார்ந்து பேச ஒரு மாலை

நிறைவாக, நேயர்கள் செய்யக்கூடிய ஓர் எளிய காரியம். குடும்பத்தினர் அனைவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மேசையைச் சுற்றி உட்காரட்டும். பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவுச் சான்று, கடப்பிதழ், அனுமதிச் சீட்டு, வீட்டுக் கடன் ஒப்பந்தம், இரு நாட்டுச் சேமநிதி அறிக்கைகள் ஆகிய எல்லாவற்றையும் எடுத்து வைக்கட்டும். பெயரின் எழுத்து எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு தாளில் ஒரு விதமாகவும் மறு தாளில் வேறு விதமாகவும் இருப்பது பெருந்தொல்லை. பிறகு மூன்று கேள்விகள். பதினைந்து ஆண்டு கழித்து மகன் எங்கே இருப்பான்? அறுபது வயதில் எந்த ஊர்க் கடையில் சாமான் வாங்க விருப்பம்? அம்மா அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் ஓடிப்போவது?

இந்த மூன்றுக்கும் கணவனும் மனைவியும் ஒரே பதிலைச் சொன்னால் படிவத்தை நிரப்பலாம். வெவ்வேறு பதில் வந்தால் படிவம் காத்திருக்கட்டும், பேச்சு தொடரட்டும். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். அக்கரையில் உண்மையாகவே பச்சை உண்டு. உழைத்து முன்னேறிய குடும்பங்கள் அதற்குச் சாட்சி. இக்கரையிலும் பச்சை உண்டு. எந்தக் கரையானாலும், விதிகள் மாறிக் கொண்டே இருப்பவை. முடிவெடுக்கும் நாளில் அந்தந்த அரசாங்கத் துறையின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்து கொள்வது கட்டாயம்.

அன்று தோட்டத்துப் பாட்டனுக்குப் படிவத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லை. இன்று பேரனுக்குப் படிக்கத் தெரியும். கையெழுத்திடும் முன் அவன் படிக்கட்டும்.